தானாகத் திறக்கும் கதவு

வீட்டினுள்ளே இருக்கும் அறைக்கதவு தானாகத் திறந்துகொள்வதைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். அற்ப விடயம் என்று எண்ணுவீர்கள். என் பெரியம்மாவுக்கு அது அற்பமாயிருக்கவில்லை.

1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த அவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே தம் காணிக்குத் திரும்பினார். சுவர்கள் நின்றன. கூரை இல்லை, கதவுகள் இல்லை, நிலைகளைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். புதிய நிலைகளை நிறுத்தி, ஓடு போட்டுக் குடிபுகுந்தார். அன்று தொட்டு, சாத்திவைத்த படுக்கையறைக் கதவு நள்ளிரவில் மெல்லத் திறக்கத் தொடங்கிற்று. “ஆரது?” என்று கேட்டுக்கொண்டே எழுந்து விளக்கைப் போடுவார். ஒருவரும் இரார். அயலவர்கள் எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார்கள். தச்சர் ஒருவர் வந்து கதவின் விளிம்பைச் சீவிவிட்டுக் கூலி வாங்கிச் சென்றார். முன்னர் நிலையோடு சற்று உரசி நின்ற கதவு, சீவியபின் இன்னும் இலகுவாகத் திறந்தது!

நான் போனபோது முதலில் காற்றையே ஐயுற்றேன். ஆடி மாதத்துச் சோளகம் நம் குடாநாட்டில் எந்தக் கதவையும் அடித்துச் சாத்தும். ஆனால், காற்றடிக்கும் கதவு படபடக்கும். ஒருமுறை திறக்கும், மறுமுறை மூடும். இதுவோ சன்னல்களையெல்லாம் மூடிய பின்னரும் ஒரே திசையில், ஒரே நிதானத்தில் நகர்ந்தது. அப்படியானால் குற்றம் காற்றிலும் இல்லை, கதவிலும் இல்லை. அதைத் தாங்கும் நிலைக்காலில் இருக்கின்றது.

கதவின் பாரம் எப்போதும் தாழ்வையே நாடும். மேற்பிணைச்சலும் கீழ்ப்பிணைச்சலும் ஒரே தூக்குநூலில் அமைந்தால், கதவு விட்ட இடத்தில் நிற்கும். மேற்பிணைச்சல் எந்தப் பக்கம் சரிந்திருக்கின்றதோ, அந்தப் பக்கமே கதவு போகும். வேலிப் படலை தானாக மூடிக்கொள்ள வேண்டுமா? அது தொங்கும் கட்டையை மூடும் பக்கமாகச் சிறிது சாய்த்து நட்டால் போதும். படலைக்கு நன்மையாவது படுக்கையறைக்குத் தொல்லையாகின்றது.

மேற்பிணைச்சலின் ஊசியிலிருந்து நூலிலே ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். கீழ்ப்பிணைச்சலுக்கு வந்தபோது நூல் கால் அங்குலம் அறைப்பக்கமாக விலகி நின்றது. நன்றாகச் சுழலும் பிணைச்சலில் கதவைத் திறக்க அவ்வளவே போதும். மாரியில் மரம் ஊதிக் கதவு இறுகி நிற்பதால் இது தெரிவதில்லை. பங்குனி வெயிலில் உலர்ந்ததும் தெரியவரும். ஆகையால் மாரிகாலத்தில் சீவுளியைத் தொடாதிருப்பதே நன்று.

சில வீடுகளில் மேற்பிணைச்சலின் திருகாணிகள் தளர்ந்திருக்கும். துளையில் மரச்சிராயைப் பசையோடு இறுக்கிப் புதிதாக முடுக்கினால் போதும். நிலையின் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக வெடிப்பு ஓடுமாயின், அசைவது அத்திவாரம். அப்போது மேசனை அழைக்க வேண்டும். இங்கு இரண்டும் இல்லை. நிலையைப் பெயர்த்து நிமிர்த்துவதே முறையான பரிகாரம். ஆனால், “திரும்பவும் நிலையைப் பெயர்க்க வேண்டாம், தம்பி” என்றார் பெரியம்மா. அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

கதவின் அடியில் ஆப்பு வைத்துத் தாங்கிக்கொண்டு, மேற்பிணைச்சலின் ஊசியை மட்டும் உருவி எடுத்தேன். இரு கற்களின்மேல் அதனைக் கிடத்தி, நடுவிலே சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினேன். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத வளைவு. திரும்பச் செலுத்தியபோது ஊசி சிறிது இறுக்கமாக இறங்கிற்று. கதவைப் பாதியில் விட்டேன்; பாதியிலேயே நின்றது. பெரியம்மா தாமும் இருமுறை விட்டுப் பார்த்தார்.

ஊசியை ஓங்கி அடித்தால் பின்னர் அது துவாரத்தில் நுழையாது. எண்ணெயும் விடக்கூடாது, இறுக்கமே கதவை நிறுத்துகின்றது. ஒரு மாதத்தின் பின் பெரியம்மாவின் பேரன், கதவு கிறீச்சிடுகின்றதென்று தேங்காயெண்ணெய் விட்டானாம். அன்றிரவு மறுபடியும் “ஆரது?” என்ற குரல் கேட்டது.