பாட்டு வாத்தியாருக்குப் பட்டப்படிப்பா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவந்ததும் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு எல்லாருக்கும் தெரிந்ததே. மருத்துவம், சட்டம், பொறியியல், கணக்கியல் என்று பட்டியல் நீளும். அந்தப் பேச்சுக்கு நடுவே ஒரு பிள்ளை, "பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியராக வேண்டும், அதற்காகப் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும்" என்று சொன்னால் என்ன பதில் கிடைக்கும்? "பாட்டு வாத்தியார் ஆவதற்கு எதற்குப் பட்டம்?" என்று கேட்பார்கள். பல வீடுகளில் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அப்படி முடிந்துபோகும் பேச்சைக் கொஞ்சம் தொடர்ந்து பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில், இசை இந்நாட்டுப் பள்ளிகளில் ஓர் அலங்காரப் பொருள் அன்று. 1983ஆம் ஆண்டு கே.பி.எஸ்.ஆர். கலைத்திட்டம் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்தபோதே, தொடக்கப்பள்ளிகளில் இசைக்கல்வி ஒரு பாடமாக நுழைந்துவிட்டது. தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி என்ற வேறுபாடு இதில் இல்லை. 2011இல் கே.எஸ்.எஸ்.ஆர். வந்தபோதும் இசை தொடர்ந்தது. ஆனால் நேரம் வாரத்திற்கு அரைமணியாகச் சுருங்கியது.

அந்த அரைமணி நேரமும் எப்போதும் இசைக்கே போய்ச் சேர்ந்ததா என்றால், இல்லை என்பதே நேர்மையான பதில். யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் இசைப் பாட வேளையைக் கணிதத்திற்கும் அறிவியலுக்கும் இரவல் கொடுப்பது பல பள்ளிகளில் வழக்கமாகவே இருந்தது. அந்தத் தேர்வு 2021இல் ரத்துச் செய்யப்பட்டது. இரவல் வாங்கச் சொல்லப்பட்ட காரணம் போய்விட்டது. அந்த வேளையை உண்மையான இசை வகுப்பாக நடத்தத் தெரிந்த ஆசிரியர் வகுப்பறையில் இருக்கிறாரா என்பதே மிஞ்சி நிற்கும் கேள்வி.

இசை தெரிந்தவர் எல்லாரும் இசை ஆசிரியராகிவிட முடியாதா என்று சிலர் கேட்கலாம். ஒரு சின்ன உதாரணம். ஆண் ஆசிரியர் ஒருவர் தமக்கு வசதியான தாழ்ந்த சுருதியில் பாடத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏழு வயதுப் பிள்ளையின் குரல் அவ்வளவு கீழே இறங்காது. பிள்ளைகள் முனகுவார்கள், சிலர் கத்துவார்கள். "இந்த வகுப்புக்குச் சுருதியே சேரவில்லை" என்று ஆசிரியர் முடிவு கட்டிவிடுவார். தவறு பிள்ளைகளிடம் இல்லை. குழந்தைக் குரலின் எல்லை என்ன, அது எந்த வயதில் எப்படி மாறும், எந்தச் சுருதியில் பாட்டை எடுக்க வேண்டும் என்பது கற்றுத் தேற வேண்டிய ஒன்று. ரெக்கார்டர் குழலும் அப்படித்தான். முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஊதினால் அறை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்! இடது கை விரல்களால் மட்டும் வாசிக்கக்கூடிய மூன்று சுரங்களில் தொடங்கி, மூச்சை அடக்கி ஊதப் பழக்கி, மெல்ல மெல்ல வலது கைக்குக் கொண்டு போவது ஒரு முறை. அந்த முறை தெரியாதவர் கையில் ரெக்கார்டர் வெறும் ஊதலாகிவிடும்.

சரி, இதை எங்கே படிப்பது? அரசாங்கப் பள்ளியில் ஆசிரியராக விரும்புவோருக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, ஆசிரியர் பயிற்சிக் கழகங்கள். எஸ்.பி.எம். முடித்தவர்கள் விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வைக் கடந்து, ஆயத்தப் படிப்பும் அதன்பின் நான்காண்டுப் பட்டப்படிப்பும் முடிக்க வேண்டும். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை உருவாக்குவது இந்த வழி. எந்தெந்தப் பாடங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். விண்ணப்பம் திறக்கும்போதே கவனமாகப் பார்க்க வேண்டும்.

மற்றொன்று, பல்கலைக்கழகம். இதில் முதலில் நினைவுக்கு வருவது தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த இடம் அது. இசைக்கும் நிகழ்கலைக்கும் அங்கே தனிப் புலமே உண்டு. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் போன்ற தகுதிகளோடு இசைக்கல்விப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

அங்கே படிப்பது வெறும் பாட்டும் வாத்தியமும் அல்ல. மேற்கத்திய இசை இலக்கணம், காதால் கேட்டு எழுதும் பயிற்சி, முதன்மை வாத்தியம், குழுப்பாடல் நடத்துதல், இசை வரலாறு, கமெலான் போன்ற இந்த வட்டார இசை என்று ஒரு பக்கம். கல்வி உளவியல், பாடத் திட்டமிடல், மதிப்பீடு, ஒரு பள்ளியில் தங்கிச் செய்யும் கற்பித்தல் பயிற்சி என்று மறுபக்கம். ஹங்கேரியின் கோடாய் வகுத்த, கைச்சைகைகளோடு பாடப் பழக்கும் முறை, ஜெர்மனியின் கார்ல் ஓர்ஃப் தட்டு வாத்தியங்களையும் பேச்சின் தாளத்தையும் கொண்டு வகுத்த முறை ஆகியவை உலகெங்கும் இசை ஆசிரியர்கள் படிப்பவை.

இங்கேதான் நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் வருகிறது. இசைப் படிப்புக்கு மதிப்பெண் மட்டும் போதாது. பாடியோ வாசித்தோ காட்ட வேண்டும், இசையறிவைச் சோதிப்பார்கள். ஆறு வயதிலிருந்து கோயிலில் தேவாரம் பாடிய ஒரு மாணவி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருதி பிசகாது, தாளம் தவறாது, ஒருமுறை கேட்டால் திரும்பப் பாடிவிடுவாள். அவள் முன்னே ஐந்து கோடுகளில் எழுதிய இசைக்குறிப்பு ஒன்றை வைத்தால் விழிப்பாள். பக்கத்தில் இருப்பவர், பெற்றோர் பல ஆண்டுகள் பியானோ வகுப்புக்குப் பணம் கட்டிய பிள்ளை. யாருக்கு அந்த இடம் எளிதாகும் என்று சொல்லத் தேவையில்லை. திறமையில் இந்த மாணவிக்குக் குறைவில்லை. எழுத்துத் தெரியாததுதான் குறை.

ஆனால் இந்தக் குறை தீர்க்க முடியாததா? இல்லவே இல்லை. தன் இசைக்கும் அந்த இசைக்கும் உள்ள தூரம் அவள் நினைப்பதைவிடக் குறைவு. சங்கராபரணத்தின் ஆரோகணத்தைப் பாடுபவர் மேற்கத்திய மேஜர் ஸ்கேலைத்தான் பாடுகிறார். முத்துசுவாமி தீட்சிதர் இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஆங்கிலேயர் பேண்டு வாத்தியத்தில் வாசித்த மெட்டுகளை எடுத்துச் சங்கராபரணத்தில் சமஸ்கிருதப் பாடல்கள் அமைத்தார். நோட்டுஸ்வரம் என்று பெயர். மோகனத்தின் ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரங்களைத்தான் மேற்கே டோ, ரே, மி, சோல், லா என்கிறார்கள். சீனர்களின் மல்லிகைப்பூ பாடல் நிற்பதும் இந்த ஐந்தில்தான். கோடாயும் ஓர்ஃபும் குழந்தைகளுக்கு முதலில் கொடுப்பதும் இந்த ஐந்தையே. மோகனம் தெரிந்த ஓர் ஆசிரியர், மூவினப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் மூவருக்கும் பழகிய ஓர் ஓசையிலிருந்து பாடத்தைத் தொடங்க முடியும். இது நம் பிள்ளைகள் கையிலுள்ள செல்வம். அதை எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டால் போதும்.

ஆகவே, ஆசையுள்ள மாணவர்கள் ஆறாம் படிவம் வரை காத்திருக்கக் கூடாது. இரண்டாம், மூன்றாம் படிவத்திலேயே இசைக்குறிப்பைப் படிக்கத் தொடங்க வேண்டும். ஏ.பி.ஆர்.எஸ்.எம். இசைத் தேர்வில் முதல் ஐந்து நிலை எழுத்துத் தேர்வுகளை இப்போது இணையம் வழியாகவே எழுதலாம். ஐந்தாம் நிலை எழுத்துத் தேர்வு, ஆறாம் நிலையிலிருந்து தொடங்கும் செய்முறைத் தேர்வுகளுக்கு வாசற்படி போன்றது. எல்லாரும் எட்டாம் நிலை வரை போக வேண்டும் என்பதில்லை. ஒரு வாத்தியத்தையோ குரலையோ முறையாகப் பயின்றதற்குச் சான்று கையில் இருப்பது நல்லது. வீணையோ வயலினோ மிருதங்கமோ கற்பவர்கள் அதை விட்டுவிடக் கூடாது. கூடவே கீபோர்டில் அடிப்படைப் பயிற்சியும் இருக்கட்டும். வகுப்பில் பிள்ளைகள் பாட, கூடவே வாசிக்க அது உதவும்.

இவ்விடத்தில் கோயில் நிர்வாகங்களுக்கும் இசைப்பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். 1981இல் கோலாலம்பூரில் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற அமைப்புகள் நம் கலைகளை வளர்த்திருக்கின்றன. ஊர்தோறும் கோயில்களில் தேவார வகுப்பு நடக்கிறது. அந்த வகுப்புகளோடு வாரம் ஒரு மணிநேரம் இசைக்குறிப்பு வகுப்பையும் சேர்த்தால், தனியார் வகுப்புக்குப் பணம் கட்ட இயலாத பிள்ளைகளுக்கும் பல்கலைக்கழகக் கதவு திறக்கும். பெரிய செலவு இல்லை. ஒரு வெண்பலகையும் சொல்லித்தரத் தெரிந்த ஒருவரும் போதும்.

பெற்றோரின் கவலையையும் மறைக்கக் கூடாது. வேலை கிடைக்குமா? பல்கலைக்கழகப் பட்டம் பெற்றால் நியமனம் தானாக வந்துவிடாது. கல்விச் சேவை ஆணையத்தின் தேர்வையும் நேர்முகத்தையும் கடக்க வேண்டும். இடைநிலைப் பள்ளிகள் எல்லாவற்றிலும் இசை ஒரு பாடமாக இல்லை. வேறு பாடமும் சேர்த்துப் போதிக்கும் நிலை வரலாம். எனவே இசையோடு இன்னொரு பாடத்திலும் வலுவாக இருப்பது புத்திசாலித்தனம். ஆனால் நியமனம் பெற்ற பட்டதாரி இசை ஆசிரியருக்கும் பட்டதாரிக் கணித ஆசிரியருக்கும் சம்பளப் படிநிலை ஒன்றே. முன்பு டி.ஜி.41 என்றும், 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறையில் டி.ஜி.9 என்றும் அழைக்கப்படும் படிநிலை அது. பாட்டு வாத்தியார் என்றால் குறைந்த சம்பளம் என்பது பழைய எண்ணம்.

நிறைவாக ஒன்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இசை எப்படியாவது கிடைத்துவிடும். கார் ஏற்றிக்கொண்டு போய் வகுப்பில் விட ஆள் இருக்கும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு வாழ்நாளில் கிடைக்கும் ஒரே இசை ஆசிரியர் பள்ளிக்கூடத்து ஆசிரியர்தான். இந்நாட்டில் ஐநூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அந்த அரைமணி நேரம் காத்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை அதை நிரப்ப ஆசைப்பட்டால், "எதற்குப் பட்டம்?" என்று கேட்பதற்கு முன், "எந்த வாத்தியத்தில் தொடங்கலாம்?" என்று கேளுங்கள்.