சுவர் காயட்டும், பிறகு சாயம்!



தீபாவளி நெருங்கினால் எந்தத் தாமானுக்குப் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வரவேற்பறை நாற்காலிகள் வெளியே கிடக்கும். அப்பா ஏணி மேல் நிற்பார். அம்மா கீழே நின்று, "அந்த மூலை விட்டுப் போச்சுங்க" என்பார். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பிரஸ். ஒரே நாளில் அறை பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் பொங்கலுக்குள் அதே சுவரில் கொப்புளம். சித்திரைக்குள் ஏடு ஏடாக உரியும். பழி யார் மேல்? சாயக் கடைக்காரர் மேல்!

எதிரணியினரின் வாதமும் அதுதான். விலை உயர்ந்த சாயம் வாங்கினால் போதும், சுவர் எப்படி இருந்தால் என்ன என்கிறார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்று நம் முன்னோர் சொன்னதை அவர்கள் மறந்துவிட்டார்கள். சுவர் நின்றால் மட்டும் போதாது, நடுவர் அவர்களே. அது காய்ந்திருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும்.

ஜொகூரில் உள்ள பண்டார் தெங்காராவையே எடுத்துக்கொள்ளலாம். 1972-இல் அமைக்கப்பட்ட கெஜோரா வாரியத்தின் மேம்பாட்டுத் திட்டத்தில், செம்பனைக்கு நடுவே உருவான நகரம் அது. அங்கே ஆண்டு முழுவதும் ஈரக்காற்று. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. தீபாவளி வருவதோ அக்டோபர், நவம்பரில். ஆக, சுவர் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் நேரம் பார்த்துத்தான் சாயம் அடிக்கிறார்கள்!

தோட்டத்து லயங்களில் அன்று சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்பு, சுவரை மூச்சு விட வைக்கும். இன்றைய எமல்ஷன் சாயம் காய்ந்ததும் தோல்போல் சுவரை மூடிக்கொள்ளும். உள்ளே ஈரம் இருந்தால் அது அந்தத் தோலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கொப்புளம் என்பது அதுதான்.

இதே ஜொகூரில், 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. வெள்ளம் வடிந்த வீட்டில் சுவரின் மேற்பரப்பு சில நாளில் காய்ந்ததுபோல் தெரியும். செங்கல்லுக்குள் போன நீர் வெளியேற வாரக்கணக்காகும். அவசரப்பட்டுச் சாயம் அடித்தால் பணம் தண்ணீரோடு போன கதைதான்.

சுவர் காய்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது? சுலபமான வழி இருக்கிறது. ஒரு முழம் அகலப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர்த்துளி இருந்தால், சுவர் இன்னும் தயாராகவில்லை. கூரை ஒழுகுகிறதா, குழாய் கசிகிறதா என்று முதலில் தேடுங்கள். புதிதாகச் சிமெண்டு பூசிய சுவர் என்றால் நான்கு வாரமாவது விட்டுவிடுங்கள்.

அடுத்தது பூஞ்சணம். கறுப்புப் புள்ளிகளின் மேல் சாயம் அடித்தால் அவை சில மாதங்களில் மேலே வந்துவிடும். பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து, கையுறை போட்டு, சன்னலைத் திறந்து வைத்துத் துடையுங்கள். கால் மணி நேரம் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். தாய்மார்கள் கவனிக்க வேண்டும்: பிளீச்சோடு கழிவறை கழுவும் அமிலத்தையோ வினிகரையோ கலக்கவே கூடாது. எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

பிறகு உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால், சுரண்டித் துடைத்து, சீலர் என்னும் அடிப்பூச்சு கொடுத்தே ஆக வேண்டும். விரிசல், ஆணித் துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடையுங்கள். அதற்குப் பிறகுதான் சாய டின்னைத் திறக்க வேண்டும். முதலில் மேற்கூரை, பிறகு சுவரின் ஓரங்கள், கடைசியாக ரோலர். கெட்டியாக ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சு மேல்.

கணக்கும் பார்த்துவிடலாம். பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி. நான்கு சுவரும் 400 சதுர அடி. கதவு, சன்னல் போக 350, அதாவது சுமார் 33 சதுர மீட்டர். ஒரு லிட்டர் சுமார் 10 சதுர மீட்டருக்கு வரும். இரண்டு பூச்சுக்கு 7 லிட்டர் போதும். அது வீணாகாமல் காப்பது சில ரிங்கிட் உப்புத்தாளும் பட்டியும்தான்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பழைய வீட்டின் கதவு, சன்னல் கம்பிகளில் உள்ள எனாமல் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்கா வீட்டுச் சாயத்தில் அதை 1978-இல் தடை செய்தது. இந்தியா 2016-இல் விதி வகுத்து, பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்றது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. பழைய எனாமலை உலர வைத்துத் தேய்த்தால் கிளம்பும் தூசி தரையில் படியும். தவழும் பிள்ளை அந்தத் தரையில் கை வைத்து, அதே கையை வாயில் வைக்கும். ஆகவே நனைத்துத் தேய்க்க வேண்டும், கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலை முடிந்து துடைத்தெடுக்கும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைப் பக்கமே வரக்கூடாது. தொடக்கத்தில் பிள்ளைகள் கையில் இருந்த பிரஸ்ஸை, சுரண்டும் வேலை முடிந்த பிறகு கொடுங்கள்!

நடுவர் அவர்களே, சாயம் அடிக்க ஒரு நாள் போதும். சுவரைத் தயார் செய்யத்தான் ஒரு மாதம் வேண்டும். எனவே தீபாவளிக்கு முதல் வாரம் ஏணியைத் தேடாமல், முந்தின மாதமே சுவரைத் தொட்டுப் பார்க்கும் வீட்டில்தான் அடுத்த தீபாவளிக்கும் சாயம் நிற்கும். தீர்ப்பைச் சுவரின் பக்கமே வழங்குங்கள்.