சீட்டைக் கலைக்க ஓர் எந்திரம்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடை அதிகம் மாற்றப்படவில்லை.)

எனக்கு முன்னால் பேசியவர்கள் பாலத்தையும் காற்றாலையையும் பற்றிப் பேசினார்கள். நான் 2010-இல் இயந்திரவியல் முடித்து வெளியே போனவன். என் தலைப்பு சீட்டுக்கட்டு. தலைவரிடம் இதைச் சொன்னபோது தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பணம் வச்சு ஆடுறது இல்லையே தம்பி?" என்று கேட்டார். இல்லை ஐயா. வீட்டு ரம்மிதான். நோட்டில் புள்ளிக் கணக்கு, தோற்றவர் பஜ்ஜி வாங்கித் தரவேண்டும், அவ்வளவே. ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடும் ஆட்டம் என்று உச்ச நீதிமன்றமே 1967-இல் சொல்லியிருக்கிறது. இது விடுதிக் காப்பாளர்களுக்கு மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

என் அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐந்து பேர், இரண்டு கட்டு. பல வருடப் பழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது. கையில் பதின்மூன்று சீட்டைப் பிடிப்பதற்கு நான் மரத்தில் காடி வெட்டி ஒரு தாங்கி செய்து கொடுத்துவிட்டேன். கலைப்பதற்கு என்ன செய்வது? ஜோக்கர் சேர்த்து நூற்றுச் சொச்சம் சீட்டு. அவர் முறை வரும்போது பாதி தரையில் கொட்டும். எல்லோரும் குனிந்து பொறுக்குவார்கள். எதிர்வீட்டு மாமா, "குடுங்க சார், நான் கலைச்சுப் போடறேன்" என்பார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் ஒரு ஃபிட்டரின் கையிலிருந்து வேலையை வாங்கிக்கொள்வது சின்ன விஷயமில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்து அப்பா, "தலை வலிக்குது, நீங்க ஆடுங்க" என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் எந்திரம் தேட ஆரம்பித்தேன்.

வீட்டு உபயோகத்துக்கு விற்கிற எந்திரம் பெரும்பாலும் ஒரே மாதிரி. இரண்டு பக்கமும் தட்டு. கட்டைப் பாதியாகப் பிரித்து வைக்க வேண்டும். தட்டுக்கு அடியில் ரப்பர் உருளை. பொத்தானை அழுத்தினால் உருளை சுற்றி, அடிச் சீட்டை ஒரு சின்ன இடுக்கு வழியாக நடுவில் தள்ளும். பேட்டரியில் ஓடும். ஜெராக்ஸ் எந்திரத்தில் தாள் போகிற கதைதான். ஆனால் ஜெராக்ஸில் இரண்டு தாள் ஒன்றாகப் போகாமல் பிரித்துவிட ஓர் ஏற்பாடு உண்டு. மலிவான கலைப்பு எந்திரத்தில் அந்த இடுக்கு ஒன்றுதான் காவல். சீட்டு கொஞ்சம் வளைந்திருந்தால் சிக்கிக்கொள்ளும். சீட்டு மெலிசாக இருந்தால் மூன்று நான்காகச் சேர்ந்து விழும்.

முதலில் வாங்கியது (பெயர் வேண்டாம்) பத்து தடவைக்கு ஆறு தடவை சிக்கியது. பிரித்துப் பார்த்தோம். அப்பாதான் உருளையைத் தடவிப் பார்த்து, "ரப்பர் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சுடா, பிடிமானம் எங்கேருந்து வரும்?" என்றார். ஈரத் துணியால் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்ததும் பாதிச் சிக்கல் போயிற்று. மீதிக்குக் காரணம் சீட்டின் அகலம். சீட்டில் இரண்டு அளவு உண்டு. பிரிட்ஜ் அளவு 57 மில்லிமீட்டர், போக்கர் அளவு 63. அகலத் தட்டில் குறுகிய சீட்டை வைத்தால் கோணலாகப் போய் மூலையில் மாட்டும். காகிதச் சீட்டை விட்டுப் பிளாஸ்டிக் சீட்டுக்கு மாறினோம். மழைக்காலத்தில் ஊறாது, முனை மடங்காது. வாங்குகிறவர்கள் எந்திரத்தின் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் தங்கள் சீட்டை ஸ்கேல் வைத்து அளந்துகொள்வது உத்தமம்.

சிக்காமல் ஓடுகிறது. சரி, கலைக்கிறதா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 'சர்ர்ர்' என்று சத்தம் கேட்டதும் கலைந்துவிட்டதாக மனசு நினைத்துக்கொள்கிறது.

பெர்சி டயகோனிஸ் என்று ஒரு கணித மேதை. பதினான்கு வயதில் வீட்டைவிட்டு ஒரு மந்திரவாதியோடு ஊர் ஊராகப் போனவர், பின்னால் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார். அவரும் டேவ் பேயரும் 1992-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கட்டை இரண்டாகப் பிரித்து, விளிம்பைக் கட்டைவிரலால் விட்டு ஒன்றோடொன்று கோத்துக் கலைக்கிறோமே, அந்த முறையில் 52 சீட்டுக்குச் சுமார் ஏழு தடவை வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஐந்து தடவை போதாது. நம் வீடுகளில் கட்டைக் கையில் பிடித்துக் கொத்துக் கொத்தாக முன்னும் பின்னும் தள்ளுகிறோமே, அந்த முறைக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும்! ரம்மியில் இது இன்னும் மோசம். ஆட்டம் முடியும்போது சீட்டெல்லாம் சீக்வென்ஸாகவும் செட்டாகவும் அடுக்கியே கிடக்கிறது. அதை அப்படியே அள்ளி நாலு தள்ளு தள்ளிப் போட்டால், போன ஆட்டத்தின் ஆட்டின் ஏழு, எட்டு, ஒன்பது சேர்ந்தே திரும்பி வரும்.

நம் எந்திரம் ஒருமுறை ஓடினால் ஒரே ஒரு கோப்பு என்றுதான் அர்த்தம், அதுவும் ஒழுங்காக ஓடினால். சோதிப்பதற்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். 52 சீட்டிலும் ஓரத்தில் பென்சிலால் 1 முதல் 52 வரை எழுதி, வரிசையாக அடுக்கி, ஒரு தடவை ஓட்டுங்கள். இப்போது எத்தனை இடத்தில் ஓர் எண்ணை ஒட்டி அதற்கு அடுத்த எண் வருகிறது என்று எண்ணுங்கள். பல தடவை செய்து சராசரி பாருங்கள். சரியான கோப்பு என்றால் ஏறக்குறைய 26 வரும். நான்கு நான்காகக் கொத்தாய் விழுகிற எந்திரத்தில் 38 பக்கம் போகும். முழுக்கக் கலைந்த கட்டில் சராசரி ஒன்றுதான். ஒரு தடவைக்கும் ஏழு தடவைக்கும் உள்ள வித்தியாசம் அப்போது கண்ணுக்கே தெரியும்.

எண்ணிக்கை பூஜ்யம் வந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பிசகாமல் கோக்கிற எந்திரம் கலைக்கவே இல்லை. மேல் சீட்டு மேலேயே இருக்கும்படி அப்படி எட்டு தடவை கோத்தால் 52 சீட்டும் பழைய வரிசைக்கே வந்து நிற்கும். கொஞ்சம் தாறுமாறாக ஓடினால்தான் நமக்கு லாபம். வேறு எந்த எந்திரத்தைப் பற்றி நாம் இப்படிச் சொல்ல முடியும்?

இரண்டு கட்டுக்குக் கணக்குப்படி பத்து தடவை வரை ஓட்டவேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் எல்லோரும் காத்திருந்தால் பஜ்ஜி ஆறிவிடும். அதனால் முதுகு நிறம் வேறான இரண்டு ஜோடி வைத்திருக்கிறோம். நீலம் ஆட்டத்தில் இருக்கும்போது சிவப்பு எந்திரத்தில். இன்னொரு விதியும் போட்டோம். யார் முறையானாலும் எந்திரம்தான் கலைக்கும், எதிர்வீட்டு மாமா உட்பட. அப்பாவுக்கு மட்டும் எந்திரம் என்றால் அவர் மறுபடி உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். வெட்டுவது மட்டும் பழையபடி கையால்தான், வலது பக்கத்துக்காரர் வெட்டுவார்.

முதல் மாதம் ஒரே புகார். "இந்த மெஷின் வந்ததுலேருந்து சீட்டே வரமாட்டேங்குது!" மாமா சொன்னது உண்மைதான். அரைகுறையாகக் கலைத்த கட்டில் சீக்வென்ஸ் ஒட்டிக்கொண்டு வந்து பழகிய கைகள் அவை. பிரிட்ஜ் சங்கங்களில் கணினி மூலம் சீட்டுப் பிரித்தபோதும் இதே புகார்தான் எழுந்தது. பென்சில் எண்ணிக்கையை மாமாவின் கண் முன்னாலேயே செய்து காட்டினேன். ஒத்துக்கொண்டார், முணுமுணுப்பு நிற்கவில்லை.

சூதாட்ட விடுதிகளில் இருக்கிற எந்திரத்தை வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். விலை ஒருபுறம் இருக்கட்டும். அவற்றில் சிலவற்றில் எல்லாச் சீட்டும் இருக்கிறதா என்று சரிபார்க்க உள்ளே கேமராவே உண்டு. 2023-இல் லாஸ் வேகாஸில் நடந்த ஒரு கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், அந்த எந்திரத்தின் யு.எஸ்.பி. துளையில் சின்னக் கருவியைச் செருகிச் சீட்டு வரிசையையே தெரிந்துகொள்ளலாம் என்று செய்து காட்டினார்கள். மாற்றியமைத்த எந்திரங்களை வைத்து மோசடி ஆட்டம் நடத்தியதாக 2025 அக்டோபரில் நியூயார்க்கில் பெரிய வழக்கே பதிவாயிற்று. நம் ரப்பர் உருளைக்குக் கண் கிடையாது. அந்த மட்டும் நிம்மதி.

இனி மாணவர்களுக்கு. கடைசி ஆண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். இப்போதைய எந்திரங்களில் கட்டைப் பிரித்து, விளிம்பு நேராகத் தட்டி வைக்க வேண்டியிருக்கிறது. நடுங்கும் கைக்கு அதுவே பெரிய பாடு. ஒரே கையால், எப்படிப் போட்டாலும் வாங்கிக்கொள்கிற தட்டு வேண்டும். உள்ளே பத்து அடுக்கு வையுங்கள். ஒவ்வொரு சீட்டும் ஏதோ ஓர் அடுக்கில் மேலேயோ கீழேயோ போய் விழட்டும். டயகோனிஸ் குழுவினர் இப்படிப்பட்ட எந்திரம் ஒன்றை ஆராய்ந்து 2013-இல் எழுதியிருக்கிறார்கள். ஒரு தடவை மட்டும் ஓட்டிய கட்டில், ஒவ்வொரு சீட்டாகத் திறந்து காட்டிக்கொண்டே போனால், விவரம் தெரிந்தவர் 52-இல் ஒன்பது பத்தைச் சரியாக ஊகித்துவிடலாம் என்று கண்டார்கள். நன்றாகக் கலைந்த கட்டில் நாலரைதான் முடியும். அதே எந்திரத்தில் இரண்டாவது தடவை ஓட்டினால் குறை தீர்ந்துவிடும். பத்துத் தடவை ஓட்டுவது எங்கே, இரண்டு தடவை எங்கே!

செலவில் ஒரு பகுதியை நான் தருகிறேன். சோதித்துச் சொல்ல அப்பா இருக்கிறார், தப்பைத் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். எங்கள் எந்திரத்தைக் காரில் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டு இடைவேளையில் வாசலில் வைத்து ஓட்டிக் காட்டுகிறேன், பென்சிலும் இருக்கிறது.