கண்ணுக்குள் ஓர் அடைப்பு

நமுனுகுலை மலைச்சரிவில் கொழுந்தெடுக்கும் ஒரு தாய்க்குக் கையருகேயுள்ள தளிர் தெளிவாகத் தெரிகிறது. பக்கத்திலுள்ள கான் தெரிவதில்லை. கால் இடறுகிறார். முதுமையின் கோளாறு என்று லயத்திலுள்ளோர் கூறிவிடுகின்றனர். குளோக்கோமா என்னும் கண்ணோய் பெரும்பாலும் இவ்வாறே, நோவின்றி, ஓரப் பார்வையை முதலில் கவர்ந்துகொள்கிறது.

கண்ணின் முற்பகுதியில் இடையறாது ஊறும் தெளிந்த நீர், சல்லடை போன்றதோர் இழைவலை வழியே வடிகிறது. கான் அடைபட்டால் மலையில் நீர் தேங்குவதுபோல், அவ்வலை அடைபட்டால் கண்ணின் அழுத்தம் ஏறும். அது 10 முதல் 21 மில்லிமீற்றர் இரச அளவுக்குள் இருப்பது வழக்கம். ஆயினும் அவ்வளவுக்குள் இருந்தே நோயுற்றோரும் உளர். அழுத்தம் ஒன்றே காரணமாயின் இது நேராது.

பார்வை நரம்பில் ஏறத்தாழப் பத்து இலட்சம் இழைகள் உள்ளன. ஒவ்வொன்றும் விழித்திரையிலுள்ள ஓர் உயிரணுவின் நீண்ட வால். அழுத்தமும் முதுமையும் இரத்தவோட்டக் குறைவும் கூடி நெருக்கும்போது, அணுவுக்குச் சக்தியளிக்கும் மைற்றோகொண்டிரியா சோர்கின்றன. நச்சுக் கழிவு பெருகுகிறது. நெருக்கடி முற்றினால் அணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறது. வடிகால் வலையின் அணுக்களுக்கும் இத்துன்பம் உண்டு. 1997இல் கண்டறியப்பட்ட மயோசிலின் மரபணுக் கோளாற்றில், பிழைபட மடிந்த புரதம் வெளியேறாது அணுவினுள்ளேயே தேங்குகிறது.

2017இல் நிக்கொட்டினமைட் என்னும் பி3 உயிர்ச்சத்து எலிகளின் பார்வை நரம்பைக் காத்ததாக அறிஞர் வெளியிட்டனர். மனிதரிடத்துச் சோதனைகள் நடைபெறுகின்றன. அதற்குள் கடையில் வாங்கி உண்ண முற்படவேண்டாம். மிகுந்த அளவு ஈரலைத் தாக்கக்கூடும்.

இன்று உறுதியான சிகிச்சை அழுத்தத்தைக் குறைப்பதே: சொட்டு மருந்து, லேசர், சத்திரசிகிச்சை. மாய்ந்த அணு மீளாது; எஞ்சியதைக் காக்கலாம். சொட்டு மருந்தினால் பார்வை தெளிவதில்லையாதலின் பலர் இடையில் நிறுத்திவிடுகின்றனர். லுணுகலையிலிருந்து பதுளை வைத்தியசாலைக்குப் பஸ் ஏறினால் அன்றைய பேர் விழாது. இதனை அசட்டை என்று பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நிறுத்திய மாதங்களில் நோய் நிற்பதில்லை.

பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருப்பின், நாற்பது வயதானவர்கள் கண்ணைக் காட்டிக்கொள்ளுதல் வேண்டும். கண் சிவந்தால் தாமாக ஸ்டீரொயிட் சொட்டு மருந்து வாங்கி இடுதல் ஆகாது. அதுவே வடிகாலை அடைத்துவிடக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதனை மருத்துவரிடம் முன்னரே சொல்லவேண்டும். டிமொலோல் என்னும் சொட்டு மருந்து மூச்சுத்திணறலை மிகுவிக்கும். மருந்தை இட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண்மூலையை இரண்டு நிமிடம் விரலால் மெல்ல அழுத்திக்கொள்ளுங்கள்; மருந்து தொண்டைக்கு இறங்காது கண்ணில் தங்கும்.