பிடி தேய்ந்த கத்திகள்

கத்திகளைச் சேர்த்து வைக்கும் வழக்கமுடையோர் சிலர் ஓரிடத்திற் கூடுவாராயின், ஒவ்வொருவரும் தத்தம் பெட்டியைத் திறந்து காட்டுவர். முதலில் வெளிவருவன விலையுயர்ந்தவை. தந்தப் பிடி, மான்கொம்புப் பிடி, வெள்ளி பொதிந்த உறை, பெயர்பெற்ற கொல்லனின் முத்திரை என்பனவெல்லாம் விரிவாகப் பேசப்படும். பேச்சு ஓய்ந்து மாலை மங்கும் வேளையிலேதான், பெட்டியின் அடியிற் பழந்துணியிற் சுற்றிக் கிடக்கும் ஒன்று மெல்ல வெளிப்படும். தீட்டித் தீட்டி அதன் அலகு பாதியாய்த் தேய்ந்திருக்கும். பிடியிலே பெருவிரல் பதிந்த பள்ளம் இருக்கும். "இது எங்கள் பாட்டனாருடையது" என்பார் உடையவர். அதன் விலை யாதென எவரும் வினாவுவதில்லை.

வேறெந்தக் கருவிக்கும் இல்லாத இவ்வுறவு கத்திக்கு மாத்திரம் வாய்த்ததேன்? கலப்பை வயலோடு நின்றுவிடும். தறி வீட்டின் மூலையை விட்டு அகலாது. கத்தியோ மனிதனின் அரையிலே செருகப்பட்டு அவன் போகுமிடமெல்லாம் உடன் போவது. பின்லாந்து நாட்டிலே 'புக்கோ' எனப்படும் சிறு இடைக்கத்தியை ஒருவருக்குப் பரிசாக அளிப்பது அவரை மதித்துச் செய்யும் சிறப்பாகும். ஆங்கிலேயரிடையே வேறொரு வழக்கம் உண்டு. கத்தியைப் பரிசாகப் பெற்றவர் ஒரு சிறு நாணயத்தை ஈடாகக் கொடுத்துவிடுவார். இல்லையேல் அந்தக் கத்தி நட்பை அறுத்துவிடும் என்பது நம்பிக்கை. கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமற் கீழே வைத்து எடுக்கச் சொல்லும் நம்மவர் இதனைக் கேட்டு நகைக்க மாட்டார்.

தொலைநாடுகளுக்குச் செல்லவேண்டியதில்லை. உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர் விரும்பித் தேடும் கைவினைக் கத்தி ஒன்று இவ்விலங்கைத் தீவிலேயே பிறந்தது. கண்டி இராச்சியத்துப் பிரதானிகள் அரையிற் செருகிய 'பிஹா கெத்த' என்பதே அது. கனத்த அலகு, வெட்டும் வாய் ஒரு பக்கத்தில் மாத்திரம். அலகு பிடியைச் சேருமிடத்திலே வெள்ளியும் பித்தளையும் இழைத்துக் கொடிவேலை செய்யப்பட்டிருக்கும். பிடியைத் தந்தத்திலோ, கொம்பிலோ, கரும்பவளத்திலோ, பளிங்கிலோ செதுக்கினர். அதன் உறையிலேயே எழுத்தாணியையும் செருகி வைப்பதுண்டு. ஏடு எழுதும் ஆணியும் வெட்டும் கத்தியும் ஓருறையில் உறைந்தமை, அக்காலத்து அதிகாரி எத்தகையவர் என்பதை ஒரு பக்கம் எழுதுவதிலும் நன்றாக உணர்த்திவிடுகின்றது.

இவற்றுட் சிறந்தவை அரசனுக்குரிய நான்கு பட்டடைகளிலே உருவாயின. 'பட்டல் ஹதர' என அவற்றைச் சிங்களத்தில் வழங்குவர். அங்கே பணிசெய்த கம்மாளர், தம் ஊழியத்துக்கு ஈடாக நிலம் பெற்றனர். 1815ஆம் ஆண்டிற் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே. ஆயினும், ஒரு கத்திக்காக மாதக்கணக்கில் உழைக்கும் கம்மாளனுக்குச் சோறிட்ட கையும் அதனோடு மறைந்தது. பின்னாளில் மலிவாக வந்திறங்கிய இயந்திரக் கத்திகளோடு அவன் எங்ஙனம் போட்டியிடுவான்?

அழியவிருந்த இக்கலையின் செய்திகளை ஏட்டில் ஏற்றியவர், 1877இற் கொழும்பிற் பிறந்தவரும் சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தருமான ஆனந்த குமாரசுவாமி. கனிப்பொருள் ஆராய வந்த அவர் கம்மாளரின் உலைக்களங்களில் நின்றுவிட்டார். கண்டியக் கைவினைகள் பற்றிய அவருடைய பெருநூல் 1908இல் வெளிவந்தது. இரும்பு உருக்கும் பழைய முறையையும் அவர் நேரிற் கண்டு குறித்துள்ளார். அந்த இரும்பின் வரலாறோ இன்னும் பழையது. சமனலவெவப் பகுதியின் மலைச்சரிவுகளிலே, துருத்தியின்றிப் பருவக்காற்றையே ஊதுகாற்றாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டு, அவ்வாய்வு 1996ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை.

இனி, சேகரிப்பாளருக்கு உறுத்தக்கூடிய ஒரு செய்தி. 1765ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடினர். அங்கிருந்து சென்ற பொருள்களாக ஆய்ந்து துணியப்பட்டவற்றுள் ஒரு பீரங்கியும், வாள்களும், துப்பாக்கிகளும், ஒரு கத்தியும் அம்ஸ்ரடாம் நகர நூதனசாலையிலே நெடுங்காலம் இருந்தன. 2023ஆம் ஆண்டில் நெதர்லாந்து அரசு அவ்வாறு பொருள்களையும் இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. அவை கொழும்பு தேசிய நூதனசாலையைச் சேர்ந்தன. பீரங்கியைப் பற்றிப் பத்திரிகைகள் மிக எழுதின. கத்தியைப் பற்றி எழுதியது சிறிதே. பீரங்கி பார்ப்பதற்குப் பெரியது, என்செய்வது!

ஆகவே, "இஃது எங்கிருந்து வந்தது?" என்னும் வினா, பழங்கத்தி ஒன்றைக் கையிலெடுக்கும் எவருக்கும் முதல் வினாவாதல் வேண்டும். பாட்டனார் தந்த கத்திக்கு விடை எளிது. ஏலத்தில் எடுத்த கத்திக்கு விடை கிடைக்காவிடின், அதன் அழகு பாதி போயிற்று.

பேணுவதிலும் ஒரு தவறு பலரிடம் உண்டு. பழங்கத்தி கிடைத்தவுடன் கறளைப் போக்குகிறோமென்று தேய்த்துப் பளபளக்கச் செய்துவிடுகின்றனர். கறளோடு வெள்ளி வேலையின் நுண்கோடுகளும் கொல்லனின் உளிச்சுவடும் போய்விடுகின்றன. தோலுறையினுள்ளே நெடுநாள் வைப்பதும் தீது. தோல் ஈரத்தை இழுத்து அலகை அரிக்கும். மெல்லிய எண்ணெய் பூசி உறைக்குப் புறத்தே வைத்தலே நன்று. தந்தப் பிடியாயின் வெயிலில் வைத்தலாகாது, வெடித்துவிடும்.

யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றிலே பிஹா கெத்தவும் இல்லை, தந்தப் பிடியும் இல்லை. பாட்டியின் பாக்குவெட்டி ஒன்றும், பனையேறிய ஒருவரின் பாளைக்கத்தி ஒன்றும் இருக்கும். ஆண்டு முழுவதும் பரணிற் கிடக்கும் அவற்றை நவராத்திரியின் ஆயுத பூசையன்று இறக்கி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டுப் பேரப்பிள்ளைகளின் புத்தகங்களுக்கு அருகே வைப்பர். பிள்ளைகளுள் ஒன்று, "இது யாருடைய கத்தி, அம்மம்மா?" என்று கேட்கும். அம்மம்மா அமர்ந்து சொல்லத் தொடங்குவார்.