நஞ்சப்பசத்திரம் கொடுத்த கம்பளி

குன்னூரில் முன்னாள் படைவீரர் குடும்பங்களைச் சந்தித்தபோது ஆற்றிய உரையிலிருந்து:



வெலிங்டன் வருகிறவர்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட் போர் நினைவுச்சின்னத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள். 1758-ல் தொடங்கிய படை அது. 1971 போரின் தளபதி ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா நம்ம குன்னூரிலேயே வாழ்ந்து, 2008-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் கண்மூடி, ஊட்டி பார்சி கல்லறையில் உறங்குகிறார். பெருமைதான்.

ஆனா என் மனசுல நிற்கிற நினைவுச்சின்னம் வேற. 2021 டிசம்பர் 8. மேகமூட்டத்துல ஜெனரல் பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரத்துல விழுந்துச்சு. முதல்ல ஓடினது யாரு? அந்த ஊர் ஜனங்க. குடத்துல தண்ணி எடுத்துட்டு ஓடினாங்க. டிசம்பர் குளிருல வீட்டுல இருந்த கம்பளியையும் போர்வையையும் தூக்கிக் கொடுத்தாங்க. 14 உயிர் போச்சு. ராணுவம் நன்றி சொல்லி அந்த ஊரை ஒரு வருஷம் தத்தெடுத்துச்சு.

யாரும் கூப்பிட்டு அவங்க ஓடல. அந்த ஓட்டம் நமக்கும் வேணும்.

வீரரை இழந்த அம்மா ஒவ்வொரு வருஷமும் தான் உயிரோட இருக்கேன்னு சான்று கொடுக்கணும். இல்லேன்னா குடும்ப ஓய்வூதியம் நின்னுடும். செல்போன்ல முகம் காட்டினா போதும்னு சொல்றாங்க. சரி. எஸ்டேட் லைன் வீட்டுல டவர் கிடைக்கணுமே? கூடலூர்ல இருந்து ஊட்டி 50 கிலோமீட்டர், மலைப்பாதை. 70 வயசுல எத்தனை தடவை பஸ் ஏறுவாங்க?

மலர்வளையம் வைக்கிற தம்பிகளே, நவம்பர்ல ஒரு நாள் ஒதுக்குங்க. டவர் இருக்கிற இடத்துக்கு அந்த அம்மாவைக் கூட்டிட்டுப் போய், சான்று பதிவாச்சான்னு பார்த்துட்டு வீட்டுல கொண்டுபோய் விடுங்க. நானும் வர்றேன்.