450 வாட்ஸ்னு போட்டிருந்தது, நம்பிட்டேன்

இன்னைக்கு எஸ்எம்பிஎஸ். பிசி அசெம்பிள் பண்றப்ப, எல்லாம் வாங்கினது போக மிச்சக் காசுல நாம வாங்குற அந்தப் பெட்டி.

நான் அதைக்கூட வாங்கல. கேபினெட்டோட வந்த '450 வாட்ஸ்' இருந்தது. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு வாங்கி அதுலயே மாட்டிட்டேன். 8 பின் வயர் இல்லை, மோலெக்ஸ் கன்வெர்ட்டர் போட்டேன். சிரிக்காதீங்க. கேம் ஓப்பன் பண்ணா ரீஸ்டார்ட். கார்டுலதான் கோளாறுன்னு கடைக்கார அண்ணாகிட்ட சண்டை வேற. மூணாவது வாரம் 'டப்'புனு ஒரு சத்தம். போனது எஸ்எம்பிஎஸ் மட்டுமில்ல, ஹார்ட் டிஸ்க்கும். காலேஜ் ஃபோட்டோ மொத்தமும் அதுலதான்.

அப்புறம்தான் அந்த ஸ்டிக்கரை ஒழுங்காப் படிச்சேன். ப்ராசஸரும் கார்டும் பெரும்பாலும் இழுக்கிறது 12 வோல்ட் லைன்ல. அதுல 16 ஆம்பியர்னு இருந்தது. பெருக்கினா 192 வாட்ஸ். கார்டு மட்டுமே 170 கேட்கும்!

இப்போ வெச்சிருக்கறது 550 வாட்ஸ், 12 வோல்ட்ல 45 ஆம்பியர், அதாவது 540 வாட்ஸ். என்விடியா இந்தக் கார்டுக்குச் சொல்றதும் 550தான். 1000 வாட்ஸ் எல்லாம் வீண் செலவு. '80 ப்ளஸ்' முத்திரை கரன்ட் எவ்வளவு வீணாகாம மாறுதுன்னு மட்டும்தான் சொல்லும். ஓவர்வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கான்னு தனியாப் பாருங்க. மாடுலர்னா, வேற எஸ்எம்பிஎஸ்ஸோட வயரை இதுல சொருகாதீங்க. பின் வரிசை மாறியிருந்தா டிஸ்க் காலி.

ஃபோட்டோவா? ரெக்கவரிக்குக் கேட்ட ரேட்டுக்கு இன்னொரு கார்டே வாங்கலாம். டிஸ்க் இன்னும் டிராயர்லதான் கிடக்கு.